வால்வைச் சந்தேகிக்காதீர்கள்

நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது என்று எங்கள் கிழக்கிலங்கைக் கரையோரத்தில் எந்த ஊரிலும், பரணில் கிடந்த வால்வு ரேடியோ ஒன்று கீழே இறங்கினால் சுற்றி நிற்பவர்கள் முதலில் சொல்வது, "வால்வு போயிருக்கும்." அடுத்தது, "அந்த வால்வ இனி எங்க எடுக்கிற?" இந்த இரண்டு பேச்சோடு பெட்டி பழைய இரும்புக்காரரிடம் போய்விடுகிறது. முதற்பேச்சு பெரும்பாலும் பிழை என்பதால் இரண்டாவதற்குத் தேவையே இருப்பதில்லை. ஐம்பதுகளின் பிலிப்ஸ் வகை ஐந்து வால்வுப் பெட்டியைத் திறந்து மீற்றர் வைத்துப் பார்ப்பவருக்கு, அதற்குள் மிக நன்றாக இருக்கும் உறுப்பு வால்வுதான் என்பது விளங்கும். கெட்டுப்போனது வேறு, அது மலிவானது, இன்றும் கடையில் கிடைப்பது.

அந்தப் பெட்டியின் அமைப்பு எளிது. ஈ.சி.எச்.81 அலையைப் பிடித்துக் கலக்குகிறது, ஈ.எஃப்.89 அதைப் பெருக்குகிறது, ஈ.பி.சி.81 ஒலியைப் பிரித்தெடுக்கிறது, ஈ.எல்.84 ஸ்பீக்கரை ஓட்டுகிறது, ஈ.இசட்.80 மாறுமின்னோட்டத்தை நேராக்கிச் சுமார் 250 வோல்ட் தருகிறது. ஐந்தும் காற்று உறிஞ்சி மூடிய கண்ணாடிக்குள் இருப்பவை. மாரியின் ஈரமும் வாடையோடு வரும் உப்பும் கண்ணாடிக்கு உள்ளே போகாது. ஊசிகளில் பச்சை பூத்திருந்தால் சுரண்டித் துடைத்தால் போதும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் நீரில் மூழ்கிய பெட்டிகளையே எடுத்துக்கொள்ளுங்கள்: சேறும் உப்பும் ஊறிய ட்ரான்ஸ்போமர் திரும்பி வராது, பலகை பிளந்துவிடும், ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பு கரைந்துவிடும். கண்ணாடி உடையாத வால்வைக் கழுவி, காயவைத்து, வேறு பெட்டியில் செருகினால் எரிய வாய்ப்புண்டு.

உண்மையான குற்றவாளி மெழுகோ தாரோ பூசிய பழைய கடதாசிக் கண்டென்சர். அவற்றுள்ளும் முதலில் பிடிக்க வேண்டியது ஈ.பி.சி.81க்கும் ஈ.எல்.84க்கும் நடுவே ஒலியைக் கடத்துவது. அதன் ஒரு முனையில் சுமார் 100 வோல்ட் நிற்கும். மறுமுனை ஈ.எல்.84இன் கிரிட்டில், அதாவது வால்வைக் கட்டுப்படுத்தும் முனையில். அங்கே நேர் மின்னழுத்தம் இருக்கவே கூடாது. கிரிட்டிலிருந்து சேசி என்ற உலோகச் சட்டத்துக்கு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் உண்டு. ஈரம் குடித்த கண்டென்சர் 20 மெகா ஓம் அளவு கசிந்தாலே கிரிட்டில் கிட்டத்தட்ட 4.8 வோல்ட் ஏறிவிடும். ஈ.எல்.84ஐக் கட்டுக்குள் வைத்திருக்கும் கதோட் அழுத்தமே ஏழு வோல்ட்டைச் சற்றுத் தாண்டியதுதான். அதில் பெரும்பகுதியைக் கசிவு தின்றுவிடுகிறது. 250 வோல்ட்டில் 48 மில்லி அம்பியர் ஓடும்போதே அந்த வால்வு தன் எல்லையான 12 வாட்டில் நிற்கிறது. அதற்கு மேல் தள்ளினால் அனோட் சிவக்கும், ஒலி கரகரக்கும், நேராக்கும் வால்வும் ட்ரான்ஸ்போமரும் கூடச் சுடும். பார்ப்பவர் "வால்வு வீக்" என்று சொல்லிப் புது வால்வு போடுகிறார். அதுவும் அதே வழியில் போகிறது.

கண்டென்சரைக் கழற்றி மீற்றரில் பார்த்தோம், நல்லதாகவே காட்டியது என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. சாதாரண மல்டிமீற்றர் சில வோல்ட்டில்தான் சோதிக்கிறது. பெட்டிக்குள் அந்தக் கண்டென்சர் தாங்குவது 100 வோல்ட். அதோடு, பெரும்பாலான மீற்றர்களில் 20 மெகா ஓம் என்பது கடைசி எல்லை. ஆகவே, ஏற்கெனவே பாடிக்கொண்டிருக்கும் பெட்டியில், சோதனை அது ஓடும்போதே நடக்க வேண்டும்: கறுப்பு முனையைச் சேசியில் வைத்து, சிவப்பு முனையை ஈ.எல்.84இன் கிரிட்டில் தொட்டுப் பாருங்கள். பூச்சியமோ அதற்குச் சற்றுக் கீழோ காட்டினால் சரி. அரை வோல்ட் நேராக ஏறினாலும் கண்டென்சரை வெட்டி எறிந்து, 400 வோல்ட்டுக்குக் குறையாத புதிய பிளாஸ்டிக் ஃபிலிம் கண்டென்சர் ஒன்றைப் பற்றவையுங்கள். அந்த ஒன்றிலேயே பல பெட்டிகளின் பாதி நோய் தீரும்.

மிச்ச நோய்கள் வரிசையாக வரும். மின்வழங்கலின் எலெக்ட்ரோலிட்டிக் காய்ந்தால் பெட்டி உறுமும். கரி ரெசிஸ்டர்களின் பெறுமானம் வருடம் போகப் போகக் கூடும். அலைவரிசை மாற்றும் சுவிட்சில் கறுப்புப் படியும். கொன்டக்ட் கிளீனரும் மெல்லிய தூரிகையும் போதும், உப்புத்தாளைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். எங்கள் கரைக்கே உரிய தொல்லை, தலைமயிரை விட மெல்லிய செப்புக்கம்பிச் சுருள்களில் பச்சை பிடித்து உள்ளே எங்கோ அறுந்துவிடுவது. ஒலியனுப்பும் ட்ரான்ஸ்போமரில் அது நடந்தால் புதிதாகச் சுற்றிக்கொள்ளலாம். இடைநிலை அதிர்வெண் (ஐ.எஃப்.) சுருளில் நடந்தால் வேலை கடினம். அதே வகைப் பெட்டி இன்னொன்று கிடைத்தால்தான் மீட்சி.

ஆபத்து என்று அஞ்சுவோர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பரணிலிருந்து இறங்கிய பெட்டியை நேரே பிளக்கில் செருகுவதுதான் மிகப் பெரிய கேடு. முதலில் கடதாசிக் கண்டென்சர்களையும் எலெக்ட்ரோலிட்டிக்குகளையும் மாற்றுங்கள். மின்னழுத்தத் தெரிவில் 220, 245 இரண்டும் இருந்தால் 245இல் வையுங்கள். பிறகு 60 வாட் இழைப் பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துக் கரண்ட் கொடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே குறுக்குச்சுற்று இருக்கிறது, உடனே நிறுத்துங்கள். எல்.ஈ.டி. பல்பு இதற்கு உதவாது. கரண்டை எடுத்த பின்னும் எலெக்ட்ரோலிட்டிக்கில் அழுத்தம் நிற்கும். சில ஆயிரம் ஓம் ரெசிஸ்டரால் இறக்கிவிட்டே கைவைக்க வேண்டும். வால்வின் பெயர் யூ என்று தொடங்கினால் இன்னும் கவனம்: யூ.சி.எச்.81 முதல் யூ.வை.85 வரை ஐந்து இழைகளும் தொடராக நிற்கும், தேவை 128.6 வோல்ட், மிச்சத்தை ஒரு ரெசிஸ்டர் சூடாக்கிக் கரைக்கும். அந்த வகையில் ட்ரான்ஸ்போமர் இல்லாததால் சேசியே கரண்டில் நிற்கும். திருப்பும் குமிழ்களின் ஆணியைத் தொட்டாலும் அடிக்கும். ஐசோலேஷன் ட்ரான்ஸ்போமர் கையில் இல்லாதவர் அதைத் திறக்கவே வேண்டாம்.

திருத்தி என்ன கேட்பது என்ற கேள்விதான் கனமானது. படையினருக்கான ஒலிபரப்புக்கென ஏக்கலையில் எழுந்த 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி 1949இல் ரேடியோ சிலோன் கைக்கு வந்தது. அதன் அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரல் கடல் தாண்டிப் போனது. நோன்புப் பிறை அறிவிப்புக்காக எங்கள் ஊர்கள் ரேடியோவைச் சுற்றிக் காத்திருந்தன. 1941இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசையின் வானொலிச் சேவை 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது. உள்ளூர் நிலையங்கள் எஃப்.எம்.முக்குப் போய்விட்டன, பழைய பெட்டிகள் பலவற்றில் எஃப்.எம். கிடையாது. ஆனாலும் வீட்டுக்கு வெளியே பத்து மீற்றர் கம்பி கட்டி, ஈர மண்ணில் எர்த் இறக்கினால், இரவில் மத்திய அலையில் கடலுக்கு அப்பாலிருந்து தமிழ் வரும். ஃபோன் சார்ஜரையும் எல்.ஈ.டி. பல்புகளையும் அந்நேரம் அணைத்து வையுங்கள். பின்புறம் கிராமபோன் செருகும் துளைகள் இருந்தால், ட்ரான்ஸ்போமர் உள்ள பெட்டியில் ஃபோனின் ஒலியையும் அவ்வழியே கொடுக்கலாம். உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டு புளூடூத் பலகை வைப்பவர்கள், ஒரு கண்டென்சருக்காகப் பெட்டியையே கொன்றுவிடுகிறார்கள்.

மின்சாரம் வராத வீடுகளுக்கென்று செய்த பற்றரிப் பெட்டிகளும் உண்டு: டி.கே.96, டி.எஃப்.96, டி.ஏ.எஃப்.96, டி.எல்.96. நான்கு இழைகளும் சேர்ந்து கால் வாட்டுக்கும் குறைவாகவே எடுக்கும். பழைய 90 வோல்ட் பற்றரி இன்று இல்லை, ஆனால் 9 வோல்ட் பற்றரி பத்தைத் தொடராக்கினால் கணக்குச் சரி. இணைப்பை மாற்றி 90 வோல்ட்டை இழைக்குக் கொடுத்தால் மட்டும் நான்கு வால்வும் அந்த நொடியே எரிந்துவிடும்.

என் தீர்ப்பு இது. ஈ வரிசைப் பெட்டி கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். முதன்முதலில் பழகுபவருக்கு டி வரிசையே பாதுகாப்பு. யூ வரிசையைத் தெரிந்தவர் கையில் கொடுங்கள். கடலில் ஊறியதென்றால் வால்வுகளை மட்டும் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். அவற்றைத் தேடும் பெட்டி பக்கத்து ஊரிலேயே இருக்கலாம்.