சொன்னபடி திருந்தும் மனிதர்கள்

2023 ஆகஸ்டில் வெளியான ‘பால்டர்ஸ் கேட் 3’ வாங்காத விருது இல்லை. கோல்டன் ஜாய்ஸ்டிக், தி கேம் அவார்ட்ஸ், டைஸ், ஜிடிசி, பாஃப்டா என ஐந்து மேடைகளிலும் ஆண்டின் சிறந்த விளையாட்டாகத் தேர்வான முதல் ஆட்டம் அதுதான். அஸ்டாரியன் என்ற இரத்தக்காட்டேரிக்குக் குரல் கொடுத்த நீல் நியூபனுக்கு நடிப்புக்கான விருதும் கிடைத்தது. விருதுகளின் மேல் எனக்குப் புகார் ஏதுமில்லை. அவற்றையொட்டிப் பரவிய ஒரு பாராட்டுதான் உறுத்துகிறது. விளையாடுபவர் எடுக்கும் முடிவுகளால் பாத்திரங்கள் யாரும் எதிர்பாராத மனிதர்களாக வளர்கிறார்களாம். நாவலாசிரியர்களாலும் திரைப்பட இயக்குநர்களாலும் முடியாததைப் பாத்திரமேற்று ஆடும் ஆர்பிஜி விளையாட்டுகள் சாதித்துவிட்டனவாம். அப்போதிலிருந்து விமர்சகர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆட்டத்தையே சான்றாக வைத்துப் பார்த்தாலும் இந்தக் கூற்று நிற்காது என்பது என் எண்ணம். அதில் வரும் துணைப்பாத்திரங்கள் விளையாடுபவரின் விருப்பத்துக்கு வளைகிறார்கள். வளைவதை வளர்ச்சி என்று எண்ணிக்கொள்கிறோம்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். அந்த ஆட்டத்தை உருவாக்கிய பெல்ஜியத்து லாரியன் ஸ்டூடியோஸின் எழுத்தாளர்கள் வசனத்தில் வல்லவர்கள். முடிவுக்கட்டத்தில் மட்டும் 17,000 வேறுபாடுகள் உண்டு என்று நிறுவனம் வெளியீட்டுக்கு முன் சொன்னதை விளம்பரம் என்று தள்ளிவிட்டாலும், அவ்வளவு கிளைகளுக்கும் குரலும் முகபாவமும் பதிவு செய்த உழைப்பு மலைக்க வைப்பது. பகடை பொய்த்து, நினைத்த பேச்சு பலிக்காமல் போகும்போது கதை திரும்பும் விதமும் சுவையானது. ஆனால் கிளைகள் பல இருப்பது வேறு. அவற்றில் எந்தக் கிளைக்கு ஒரு பாத்திரம் ஏன் போகிறது என்பது வேறு. இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

துணைவர்களில் ஒருத்தியான ஷேடோஹார்ட்டை எடுத்துக்கொள்வோம். அவள் ஷார் என்ற இருள்தேவியின் பக்தை. அந்தப் பக்திக்காகத் தன் நினைவுகளையே கொடுத்தவள். கதையின் நடுப்பகுதியில் ஒரு சிறைக்குள் அவளுக்குச் சோதனை வைக்கப்படுகிறது. நைட்சாங் என்று அழைக்கப்படும் கைதியை, ஷாரின் பகைத்தெய்வமான செலூனேயின் மகளை, அவள் ஈட்டியால் குத்திக் கொல்ல வேண்டும். கொன்றால் வாழ்நாள் முழுதும் விரும்பிய பதவி கிடைக்கும். கொல்லாவிட்டால் தெய்வத்துக்குத் துரோகி. ஆட்டத்தின் ஆகச் சிறந்த காட்சிகளில் ஒன்று இது. இங்கே விளையாடுபவர் தலையிட்டுத் தடுக்கலாம், கொல் என்று ஏவலாம், அல்லது அவளே முடிவெடுக்கட்டும் என்று விட்டுவிடலாம். மூன்றாவது வழியைத்தான் அத்தனை பேரும் கொண்டாடுகிறார்கள். அவள் தயங்குகிறாள், ஈட்டியைத் தூர எறிகிறாள். யாரும் சொல்லாமலேயே ஒரு மனுஷி தன் தெய்வத்திடமிருந்து விடுபட்டுவிட்டாள் என்று தோன்றும்.

அவளே எடுத்த முடிவா அது? எறிவாளா குத்துவாளா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அதுவரை அவள் கணக்கில் சேர்ந்திருக்கும் ஒப்புதல் புள்ளிகள். புள்ளி போதுமான அளவு இருந்தால் பொதுவாக எறிவாள். அந்தப் புள்ளிகள் எதனால் சேர்ந்தன? விலங்குகளிடம் அன்பு காட்டியதால், அவளது ரகசியத்தைத் துருவிக் கேட்காமல் விட்டதால், எங்கோ ஓர் ஊரில் யாரிடமோ பதமாகப் பேசியதால். அப்படி ஏதாவது செய்தால் திரையின் மூலையில் ‘ஷேடோஹார்ட் ஆமோதிக்கிறாள்’ என்று ஒரு வரி மின்னி மறையும், எண் கூடும். தெய்வத்தைப் பற்றிய ஐயம் அவளுக்குள் எப்போது முளைத்தது, எந்தக் கேள்வியில் வேர் பிடித்தது என்பதை அந்த எண் அறியாது. காட்சியின் வசனம் அவளுடைய நெடுநாள் போராட்டத்தைப் பேசுகிறது. அடியில் ஓடும் பொறியோ விளையாடுபவர் அவளுக்கு எவ்வளவு பிடித்தமானவர் என்பதையே முக்கியமாகப் பார்க்கிறது. நம்பிக்கையைத் துறக்கும் ஒரு பெரும் முடிவு பலசரக்குக் கடைப் பற்றுவரவு நோட்டில் தீர்ந்துவிடுகிறது. இதைவிடச் சங்கடமானது, அவள் விடுதலை பெறும் அந்த நொடியிலும் விளையாடுபவருக்கே கடன்பட்டிருக்கிறாள் என்பது. சுதந்திரமாக ஒரு முடிவெடுக்கவும் நம்மீது அவளுக்குப் பிரியம் இருந்தாக வேண்டும்.

இது ஒரு காட்சியோடு நிற்கும் குறையாக இருந்தால் இவ்வளவு நீட்டிப் பேச வேண்டியதில்லை. அந்த ஆட்டத்தின் உறவுகள் அனைத்தும் இந்த நோட்டின் மேல்தான் நிற்கின்றன. வெளியான புதிதில் கேல் என்ற மந்திரவாதி இரண்டு வார்த்தை அன்பாகப் பேசியதுமே காதலில் உருகினான். ஒப்புதல் அளவுகள் தவறாகக் குறைத்து வைக்கப்பட்டிருந்த பிழை அது என்று நிறுவனத்தின் தலைவர் ஸ்வென் வின்கே பிறகு விளக்கினார், திருத்தமும் வந்தது. சிரித்துவிட்டுக் கடந்துபோகக்கூடிய செய்திதான். என்றாலும், ஒரு எண்ணைத் தவறாக இட்டால் கூச்ச சுபாவம் கொண்டவன் காமுகனாகிவிடுகிறான் என்றால் அந்தச் சுபாவம் எங்கே குடியிருந்தது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. இன்னொரு வழக்கத்தையும் பாருங்கள். ஏழை எளியவருக்கு இரங்குவது அஸ்டாரியனுக்குப் பிடிக்காது. எனவே அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் அறச்செயல் செய்யப் போகும்போது அவனை முகாமில் விட்டுவிட்டுப் போகிறார்கள். கூட வராதவன் கண்ணில் பெரும்பாலும் எதுவும் படுவதில்லை, புள்ளியும் குறைவதில்லை. இரவு திரும்பி வந்து அவனிடம் காதல் பேசலாம். ஆறு முதன்மைத் துணைவர்களில் ஒருவர்கூட, ஆணோ பெண்ணோ, விளையாடுபவரைத் தனக்கு ஏற்றவரல்ல என்று அடிப்படையிலேயே விலக்குவதில்லை. வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற கொள்கை கதைக்குள் புகுந்துவிட்டது.

துணைவர்கள் இருக்கட்டும், விளையாடுபவரின் சொந்தப் பாத்திரமாவது தெரிவுகளால் மாறுகிறதா? இங்கே நோய் பழையது. பயோவேரின் ‘மாஸ் எஃபெக்ட்’ வரிசையில் நல்லவராக நடந்தால் பாராகன் புள்ளி, கடுமையாக நடந்தால் ரெனிகேட் புள்ளி. 2010இல் வந்த இரண்டாம் பாகத்தில் மிராண்டாவும் ஜாக்கும் மோதிக்கொள்ளும் காட்சியில் இருவரின் விசுவாசமும் கெடாமல் சமாதானம் செய்து வைக்க ஒரு பக்கப் புள்ளிகள் ஏராளமாகத் தேவை. ஒருநாள் இரக்கம், ஒருநாள் சினம் என்று மனிதர்களைப் போல நடந்தவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கும். விசுவாசம் இழந்தவர் இறுதிப் போரில் சாகவும் கூடும். இதை ஒருமுறை அறிந்தவர் அப்புறம் காட்சியைப் பார்த்து முடிவெடுப்பதில்லை, எந்தப் பக்கப் புள்ளி சேரும் என்பதைப் பார்த்து எடுக்கிறார். ஆட்டக்காரர்களில் ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் பாராகன் வழியில் போனார்கள் என்று அங்கே பணியாற்றிய ஒருவர் 2020இல் சொன்னார். கணக்கு கொஞ்சம் முன்பின் இருந்தாலும் போக்கு விளங்குகிறது. வளர்வதாகச் சொல்லப்பட்ட நாயகப் பாத்திரமான ஷெப்பர்ட் முதல் மணிநேரத்திலேயே இறுகிப்போய்விடுகிறார். 1985இல் ரிச்சர்ட் கேரியட் உருவாக்கிய ‘அல்டிமா 4’ இந்த விஷயத்தில் அதிக நாணயமானது. பார்வையற்ற மூலிகை வியாபாரியிடம் எவ்வளவு பணம் தருவது என்பதை நம்மிடமே விட்டுவிடும். குறைத்துக் கொடுத்தால் அப்போதைக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. நேர்மைக் கணக்கில் அது விழுந்துவிட்டது வெகு பின்னால்தான் உறைக்கும்.

இதற்கெல்லாம் பதில் சொல்வோர் பொதுவாக இரண்டு வாதங்களை வைப்பார்கள். வாழ்க்கையிலும் மனிதர்கள் தம்மோடு பழகுபவர்களால்தானே மாறுகிறார்கள் என்பது முதலாவது. உண்மைதான். ஆனால் ஒருவரால் மாறுவதற்கும் ஒருவருக்காக மாறுவதற்கும் இடையே தூரம் அதிகம். நல்ல நண்பனின் சேர்க்கையால் குடியை விடுபவன் அதே நண்பனின் அறிவுரையில் எரிச்சல்படுவான், பொய் சொல்வான், ஒருநாள் நண்பனையே உதறிவிட்டுத் தனியே திருந்தவும் செய்வான். அஸ்டாரியனுக்கு அந்த இடைவெளி கிடைப்பதில்லை. இருநூறு ஆண்டு அடிமையாக இருந்தவன், தன்னை வதைத்த எஜமானனின் சடங்கைத் தானே முடித்து ஏழாயிரம் உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெரும் சக்தி பெறுவதா வேண்டாமா என்று நிற்கும் இடத்திலும், சடங்குக்கு உதவுவதா தடுப்பதா என்ற பொத்தான் நம் கையில். அதிகாரத்தால் சிதைந்தவனைப் பற்றிய கதையில் கடைசி அதிகாரம் முழுவதையும் வேறொருவர் வைத்திருக்கிறார் என்ற முரணை எழுதியவர்கள் கவனிக்கவில்லையா, கவனித்தும் விட்டுவிட்டார்களா?

இரண்டாவது வாதம் சற்று வலுவானது. இது விளையாட்டு, விளையாடுபவரின் கையில் எதுவும் இல்லையென்றால் நாவலே போதுமே என்பார்கள். கையில் எதுவுமே இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எல்லாமே இருக்கக் கூடாது என்கிறேன். பயோவேரே இதைச் செய்து காட்டியிருக்கிறது. 2009இல் வந்த ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ பரிசுப்பொருள் கொடுத்து அன்பை ஏற்றிக்கொள்ளும் மலிவான ஏற்பாட்டைக் கொண்டதுதான். ஆனால் துணைவன் அலிஸ்டரின் தோழர்கள் சாகக் காரணமான லோகெயினை நீங்கள் மன்னித்துப் படையில் சேர்த்துக்கொண்டால், அலிஸ்டரின் அன்பு எவ்வளவு உச்சத்தில் இருந்தாலும் அவன் உங்கள் அணியில் நிற்க மாட்டான். அதுவரை கொடுத்த பரிசுகள் அத்தனையும் வீண். அவன் யாரென்று அந்த நொடியில்தான் தெரிகிறது. அடுத்த பாகத்தில், 2011இல், ஆண்டர்ஸ் என்ற துணைவன் தேவாலயத்தை வெடிவைத்துத் தகர்க்கிறான். நண்பனாக இருந்தாலும் காதலனாக இருந்தாலும் எதிர்த்துக்கொண்டே இருந்தாலும் அது நடந்தே தீரும். எங்கள் தெரிவுக்கு மதிப்பில்லையா என்று அன்று கொதித்தவர்கள் ஏராளம். ஒரு பாத்திரம் தன் நம்பிக்கைக்காக நம்மைக் கேட்காமல் ஒன்றைச் செய்துவிட்டது என்பதால் வந்த கோபம் அது. எதிர்பாராத வளர்ச்சி வேண்டும் என்று கேட்பவர்கள் அது நேரில் வந்து நின்றபோது குறை என்றார்கள். ‘பால்டர்ஸ் கேட் 3’இலேயே இதற்குச் சான்று இருக்கிறது. டார்க் அர்ஜ் என்ற தொடக்கத்தைத் தேர்ந்து ஆடினால், முகாமில் தங்க வந்த பாடகி ஒருத்தி ஓரிரவில் கொலையுண்டு கிடப்பாள். கையில் இரத்தத்தோடு விழிப்பது நம் பாத்திரம்தான். அனுமதி யாரும் கேட்கவில்லை. அதன் பின் வரும் ஒவ்வொரு தெரிவுக்கும் ஏறும் கனம், கேட்காமல் நடந்த அந்த ஒன்றிலிருந்து வருவது.

எண்களே கூடாது என்பதும் என் கட்சி அல்ல. கணினியில் எல்லாமே கடைசியில் எண்தான். காரணத்துக்கும் விளைவுக்கும் இடையே உறவு இருக்கிறதா என்பதே கேள்வி. 2015இல் போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் வெளியிட்ட ‘தி விட்ச்சர் 3’இல் நாயகனுக்கு மகள் போன்ற சிரி பிழைப்பதும் இறப்பதும் சில சின்னச் சம்பவங்களைப் பொறுத்தது. துவண்டிருப்பவளோடு பனிப்பந்து எறிந்து விளையாடுவதா, குடித்து மறப்போம் என்பதா. சூனியக்காரிகளின் கூட்டத்துக்கு அவளைத் தனியே போக விடுவதா, கூடவே போய் அவளுக்காகப் பேசுவதா. எதுவும் திரையில் மின்னுவதில்லை. வளர்ந்த மகளை நம்பியவருக்கு அவள் தன்னையே நம்பும் மகளாகக் கிடைக்கிறாள். பாதுகாப்பதாக எண்ணிக் கையைப் பிடித்து நடத்தியவர் அவளை இழக்கிறார். அங்கேயும் கூட்டிக் கழிப்பதுதான் நடக்கிறது, ஆனால் கூட்டப்படுவது அன்பின் அளவு அல்ல, நம்பிக்கை. விளைவும் அதே சரக்கால் ஆனது. ‘டிஸ்கோ எலிசியம்’ (2019) இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் துப்பறிவாளனின் 24 திறன்களும் அவன் தலைக்குள் பேசும் குரல்கள். புள்ளி போட்டு ஒன்றை வளர்த்தால் அந்தக் குரல் பலமாகும், பலமானது நம்மை ஏமாற்றவும் செய்யும். கிளாஸ்யே என்ற பெண்ணின் விசாரணையில் மற்றத் திறன்கள் மயங்கிப்போய்விட்டன என்று மன உறுதி மட்டும் எச்சரிக்கிறது. நாமே ஊட்டி வளர்த்தது நமக்கு எதிராகத் திரும்புகிறது. கூட வரும் கிம் கிட்சுராகிக்கும் நம்மேல் ஒரு மதிப்பு எண் உண்டு. அது கண்ணில் படாது, அவனை விலைக்கு வாங்கவும் உதவாது. நாம் கோமாளித்தனம் செய்தாலும் செய்யாவிட்டாலும் அவன் கிம்தான்.

ஷேடோஹார்ட்டுக்கு ஆதரவாகக் கடைசியாக ஒன்று சொல்வார்கள்: புள்ளி விவரத்தைத் தேடிப் பார்க்காமல் ஆடுபவருக்கு அந்தக் காட்சி உண்மையாகத்தானே இருக்கும்? முதல் முறை இருக்கும். ஆனால் இந்த விளையாட்டுகள் மறுபடி மறுபடி ஆடப்படுவதற்காகவே கட்டப்பட்டவை, மறுஆட்டத்தின் பெயரால் விற்கப்படுபவை. இரண்டாம் முறை வேறு விதமாக நடந்து பார்க்கும்போது தையல் தெரிந்துவிடுகிறது. பழைய சேவுக்குத் திரும்பிப் போய்ப் பேச்சை மாற்றிக்கொண்டாலும் தெரிகிறது. 2023 நவம்பரில் ஒரே சேவ் மட்டும் தரும் ஹானர் மோட் வந்தது. திரும்பிப் போகும் வழியை அது அடைத்தது, நோட்டை மூடவில்லை. நாள்பட நாள்பட ஆட்டக்காரர்கள் பேசிக்கொள்வது யார் எதை ஆமோதிப்பார், எந்தப் பேச்சுக்கு எத்தனை புள்ளி என்பதைத்தான். பாத்திரங்களைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. துணைவர்களுக்கு விற்கவே முடியாத ஒரு விஷயத்தையாவது, அலிஸ்டருக்கு லோகெயின் போல, ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தால் லாரியனுக்கு அந்த 17,000 வேறுபாடுகளில் பாதிகூடத் தேவைப்பட்டிருக்காது.