முகம் ஒருத்தருடையது, மிதிக்கும் கால் இன்னொருத்தருடையது

போரிஸ் லொஷ்கின் இயக்கிய ‘சுலைமானின் கதை’ (2024) என்ற பிரெஞ்சுப் படத்தைப் பார்த்து ரெண்டு வாரம் ஆச்சு. ஒரு காட்சி மட்டும் மண்டைக்குள்ளேயே சுத்திக்கிட்டிருக்கு.

சுலைமான் கினி நாட்டிலிருந்து வந்து பாரிஸில் தஞ்சம் கேட்டிருப்பவன். சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். வேலைக்கு நடுவில் ஆப் ஒரு செல்ஃபி கேட்கிறது. அவனால் எடுக்க முடியாது, ஏன்னா கணக்கு இமானுவேலுடையது. முறையான காகிதம் உள்ள இமானுவேல், கணக்கை இவனுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறான். சுலைமான் அவனைத் தேடிப் போய் முகத்தைக் காட்ட வைத்தால்தான் அடுத்த ஆர்டர் வரும்.

இதே மாதிரி முகச் சரிபார்ப்புக்கு நானும் ஒரு காலத்தில் கோட் எழுதியிருக்கேன். நாங்க கவலைப்பட்டது ரெண்டே தவறுகளைப் பற்றித்தான்: தப்பான ஆளை உள்ளே விடுவது, சரியான ஆளை வெளியே நிறுத்துவது. இந்தக் காட்சியில் ரெண்டுமே நடக்கவில்லை. மென்பொருள் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. முகம் சரி, சைக்கிள் மிதிக்கும் கால்தான் வேற. அந்தச் சோதனையால் யாரும் பிடிபடவில்லை. இமானுவேல் இல்லாமல் பிழைக்க முடியாது என்ற நிலைமை மட்டும் இன்னும் கெட்டியாகிறது.

சரி, ஏன் வாடகை? பிரான்ஸில் தஞ்சம் கேட்டவர் உடனே வேலைக்குப் போக முடியாது. மனுவை விசாரிக்கும் ஒஃப்ப்ரா அலுவலகம் ஆறு மாதமாகியும் முடிவு சொல்லாவிட்டால்தான் வேலை அனுமதி கேட்கலாம். அதுவும் ஒரு முதலாளி முன்வந்து விண்ணப்பிக்கணும். டெலிவரி ஆட்களோ சுயதொழில்காரர்கள் என்ற கணக்கில் இருப்பவர்கள். முதலாளியே இல்லாத வேலைக்கு யார் விண்ணப்பிப்பது? உதவித்தொகை தனி ஆளுக்கு நாளுக்கு 6.80 யூரோ. அரசு தங்க இடம் தராவிட்டால் கூட 7.40. பாரிஸில் அதை வைத்து வாழ முடியுமான்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

இது எப்பவும் இப்படி இருந்ததில்லை. 1991 செப்டம்பர் வரை பிரான்ஸில் தஞ்சம் கேட்டவர்கள் முடிவுக்குக் காத்திருக்கும்போதே வேலை செய்யலாம். எண்பதுகளில் பாரிஸ் போய் அசைலம் அடித்த ஈழத்தமிழர்களுக்கும் அந்த வழி திறந்திருந்தது. எதித் கிரெஸ்ஸோன் பிரதமராக இருந்தபோது வந்த ஒரு சுற்றறிக்கை அதை மூடியது. வேலை கிடைக்கும் என்ற ஆசையில் பொய் மனுக்கள் குவிகின்றன என்பதுதான் வாதம். அப்புறம் ஒன்பது மாதம் என்ற வரம்பு வந்தது. 2018ஆம் வருடச் சட்டம் அதை ஆறாகக் குறைத்தது. பிரிட்டனில் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கணும். அதற்குப் பிறகும் அரசு குறிப்பிடும் வேலைகள் மட்டும்தான்.

படத்தின் மேல் என் குறை இங்கேதான். இமானுவேல் பணத்தைத் தராமல் இழுத்தடிக்கிறான். பாரி என்பவன் காசு வாங்கிக்கொண்டு, விசாரணையில் சொல்ல ஒரு பொய்க்கதையை மனப்பாடம் பண்ண வைக்கிறான். பார்க்கிறவங்க கோபமெல்லாம் இந்த ரெண்டு பேர் மேலேயே இறங்கிவிடுகிறது. இவர்களுக்குத் தொழில் அமைத்துக் கொடுத்த விதியைப் படம் விளக்குவதில்லை. கேமரா சைக்கிள் பின்னாலேயே ஓடுகிறது. அந்த வேகம்தான் படத்தின் பலம். விதி கண்ணில் படாமல் போவதும் அதனால்தான்.

எதிர்வாதத்தையும் நேர்மையாகப் பார்க்கணும். கடைசியில் அதிகாரியிடம் (நீனா மெரீஸ் பிரமாதமாக நடித்திருக்கிறார்) சுலைமான் பொய்க்கதையைக் கைவிட்டு உண்மையைச் சொல்கிறான். மனநலம் பாதித்த அம்மாவின் மருந்துச் செலவுக்காகத்தான் கிளம்பி வந்தான். அப்படின்னா 1991இல் சொன்ன வாதம் சரிதானே?

எனக்கு அப்படித் தோணலை. தடை அவன் வருவதையும் தடுக்கவில்லை, வேலை செய்வதையும் தடுக்கவில்லை. அவன் உழைப்பில் ஒரு பங்கை இமானுவேலுக்குத் திருப்பிவிட்டது, அவ்வளவுதான். கீழே விழுந்து அடிபட்டால் கேட்க நாதியில்லை, ஏன்னா ஆப்பைப் பொறுத்தவரை அன்றைக்கு வண்டி ஓட்டியது அவனே இல்லை. அவன் அகதியா இல்லையா என்பது ஒரு கேள்வி. அதற்குப் பதில் வரும்வரை எதைச் சாப்பிடுவான் என்பது வேறொரு கேள்வி. ரெண்டையும் ஒரே விதியில் கட்டிப்போட்டால், முதல் கேள்விக்கான பதிலும் கெட்டுப்போகிறது. காசுக்காக வரவில்லை என்று நிரூபிக்க வேண்டியவன், முந்தின நாள் முழுக்கக் காசுக்காக அலைந்துவிட்டுத் தூக்கமில்லாமல் போய் உட்காருகிறான்.

சுலைமானாக நடித்த அபூ சங்காரேவும் கினிக்காரர். பிரான்ஸில் மெக்கானிக் வேலை கற்றவர். 2024இல் கான் விழாவில் ‘அன் செர்த்தேன் ரெகார்’ பிரிவின் சிறந்த நடிகர் விருதை வாங்கியபோது அவரிடம் வசிப்பு அனுமதி இல்லை. 2025 ஜனவரியில்தான் ஒரு வருட அனுமதி கிடைத்தது. விருது வந்ததால் அவர் பெயர் வெளியே தெரிந்தது. மற்ற மெக்கானிக்குகள் இன்னும் யாரோ ஒருத்தர் முகத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சைக்கிள் மிதித்துக்கொண்டிருப்பார்கள்.