புள்ளி விழுகிறதா? கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு ஸ்க்ரீன் பிரிண்டிங் கிட்

தங்கை கல்யாணத்துக்கு 150 பத்திரிகைகளை ஓரிக்கையில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே அச்சடித்தோம். ஆன்லைனில் வாங்கிய கிட். வலை கட்டிய மரச்சட்டம், மை இழுக்கிற ரப்பர் ஸ்க்வீஜி, எமல்ஷன், அதில் கலக்க ஆரஞ்சுத் தூள் ஒரு பொட்டலம், சிவப்பிலும் தங்க நிறத்திலும் மை. கார்டும் கவரும் தனியாக வாங்க வேண்டும்.

வலையில் எமல்ஷன் பூசி இருட்டில் காயவைத்து, வாசகம் கறுப்பாக அச்சான டிரேசிங் தாளை ஒட்டி வைத்து வெயில் காட்டுகிறோம். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். எழுத்து மறைத்த இடம் தண்ணீரில் கரைந்து, மை இறங்க வழிவிடும்.

ஐந்து நிமிடம் வெயிலில் வைக்கச் சொல்கிறது கையேடு. எங்கள் மொட்டைமாடியின் வைகாசி வெயிலுக்கு அது மிக அதிகம். கழுவியபோது பெரிய எழுத்துகள் திறந்தன, புள்ளிகள் அடைந்தே கிடந்தன. ‘அன்புடன் அழைக்கிறோம்’ என்ற வரி ‘அனபுடன அழைககிறோம’ என்று விழுந்தது. இரண்டு நிமிடமாகக் குறைத்ததும் பாதிப் புள்ளிகள் வந்தன.

மீதி ஏன் வரவில்லை என்று சொன்னவர் எதிர்வீட்டுப் பெரியப்பா. நாற்பது வருஷமாகத் தறியில் உட்காருபவர். சட்டத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். “இழை எட்டி எட்டி இருக்குதும்மா. புள்ளி எதைப் பிடிச்சிக்கிட்டு நிக்கும்?”

அதுதான் கோளாறு. கிட்டில் வருவது சென்டிமீட்டருக்கு 43 இழை உள்ள வலை. துணிப்பைக்கும் டிஷர்ட்டுக்கும் போதும். அரை மில்லிமீட்டர் புள்ளிக்குள் அதில் இரண்டு இழைதான் அடங்கும். 120 இழை வலையில் ஆறு அடங்கும். அச்சுச் சாமான் கடையில் 120 வலை வாங்கி மாற்றிக் கட்டினோம். ஒரு புள்ளிகூடத் தப்பவில்லை. ஒரு காலத்தில் இந்த வலையைப் பட்டில்தான் நெய்தார்கள், இப்போது பாலியஸ்டர் என்றதும் பெரியப்பா முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

இரண்டாவது நிறம் சேர்ப்பது கோர்வைச் சேலை மாதிரி, கரையும் உடலும் பிசகாமல் கூட வேண்டும். கிட்டின் கீல் ஆடுகிறது. கார்டு நகராதபடி பலகையில் மூன்று இடத்தில் அட்டைத் துண்டு ஒட்டிய பிறகுதான் தங்கக் கரை இடத்தில் உட்கார்ந்தது. அதற்குள் 20 கார்டு வீண்.

எனக்குக் கோபம் வந்தது ஆரஞ்சுத் தூளைப் பார்த்துத்தான். அது டைக்ரோமேட், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய குரோமிய உப்பு. கையுறை போடு, சாக்கடையில் ஊற்றாதே என்று கையேட்டில் ஒரு வரி இல்லை. வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் குரோமியம் கலந்த கழிவால் பாலாறு கெட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வந்தது. அதே ஆற்றங்கரையில் இருக்கிறோம். டயசோ வகை எமல்ஷன் தனியாகக் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள்.

200 பத்திரிகை வரை இந்தக் கிட்டைத் தாராளமாக வாங்கலாம், வலையை மாற்றிக் கட்டுவதாக இருந்தால். 500 என்றால் சிவகாசிக் கார்டை எடுத்து அச்சகத்திடம் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, மை தண்ணீரில் கரைகிற வகை. நான்கு மூலையிலும் ஈர மஞ்சள் தடவியபோது பக்கத்தில் அச்சடித்த கொடி அலங்காரம் கலங்கியது. மூலையில் ஒரு விரல் அகலம் வெற்றிடம் விட்டே வடிவமையுங்கள்.