எதிரியின் வாசலில் நின்று பேசிய உரை

மார்ட்டின் லூதர் கிங் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 1963 ஓகஸ்ட் 28ஆம் திகதி வொஷிங்டனில் அவர் நிகழ்த்திய கனவு உரைதான். அதன் பெருமையைக் குறைப்பது எனது நோக்கமன்று. ஆனால் கிங்கை ஒரு சிந்தனையாளராக எடைபோட விரும்பும் வாசகர் தேடிப் படிக்கவேண்டிய பிரதி வேறொன்று. 1967 ஏப்ரல் 4ஆம் திகதி நியூயோர்க்கின் ரிவர்சைட் தேவாலயத்தில், ஏறத்தாழ 3,000 பேர் முன்னிலையில், வியட்நாம் போரை எதிர்த்து அவர் ஆற்றிய உரையே அது.

இவ்வுரையின் மூலவரைவை எழுதியவர் கிங்கின் நண்பரும் வரலாற்றறிஞருமான வின்சன்ட் ஹார்டிங். ஆகவே இதை உணர்ச்சிவசப்பட்ட ஒரு மேடைப்பேச்சாகக் கொள்ள முடியாது. கனவு உரையில் நாம் கேட்கும் அலையலையான திரும்பக் கூறல் இதில் குறைவு. ஒரு வழக்கறிஞர் தனது தரப்பை அடுக்கிச் சொல்வதைப்போல, நிதானமாக நகரும் உரைநடை இது.

உரை நிகழ்ந்த சூழலை முதலில் நோக்க வேண்டும். 1964இல் கிங்குக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டமும் 1965இல் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறின. இரண்டிலும் கையொப்பமிட்டவர் ஜனாதிபதி லின்டன் ஜோன்சன். வறுமைக்கு எதிரான திட்டத்தைத் தொடங்கியவரும் அவரே. அதே ஜோன்சன்தான் வியட்நாமுக்குப் படைகளை அனுப்பிக்கொண்டிருந்தார். 1967 ஏப்ரலில் அங்கிருந்த அமெரிக்கத் துருப்பினரின் தொகை நான்கு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. இந்நிலையில் கிங் மௌனம் காத்திருந்தால் அவருக்கு எந்த இழப்பும் நேர்ந்திராது. பேசினால் வெள்ளை மாளிகையின் கதவு அடைபடும் என்பதை அவர் அறியாதவரல்லர்.

போரைப்பற்றித் தான் பேசுவதற்கு ஏழு காரணங்களை அவர் முன்வைக்கிறார். முதலாவது காரணம் பணம். ஏழைகளுக்கென ஒதுக்கப்படவேண்டிய நிதியைப் போர் விழுங்குகிறது. இரண்டாவது காரணம் உயிர். அமெரிக்கக் குடித்தொகையில் கறுப்பின மக்கள் ஏறக்குறைய 11 வீதத்தினர். போரின் தொடக்க ஆண்டுகளில் களத்தில் மாண்டோரில் அவர்களது பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. சிக்காகோவில் ஒரே தெருவில் குடியிருக்க முடியாத கறுப்பு இளைஞனும் வெள்ளை இளைஞனும், தொலைவில் உள்ள ஓர் ஏழைக் கிராமத்தின் குடிசைகளை ஒன்றுசேர்ந்து எரிக்கிறார்கள் என்று அவர் சுட்டிக்காட்டுகிறார். இன ஒதுக்கல், வறுமை, போர் என்ற மூன்றும் இந்த ஒரு காட்சிக்குள் அடங்கிவிடுகின்றன. விரிவுரை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

மூன்றாவது காரணம் இன்னும் கூர்மையானது. நகரச் சேரிகளில் கொதித்து நின்ற இளைஞர்களிடம் வன்முறையைக் கைவிடும்படி அவர் கேட்டிருந்தார். அப்படியானால் வியட்நாமில் நடப்பது என்ன என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். தனது அரசின் வன்முறையைக் கண்டிக்காமல் அவர்களுடைய வன்முறையைக் கண்டிக்கும் தகுதி தனக்கு இல்லை என்ற முடிவுக்கு அவர் வருகிறார். அவரது அகிம்சைக் கொள்கை இங்கேதான் சோதனைக்குள்ளாகிறது.

எனினும், இவ்வுரையின் உயிர்நாடி அதன் நடுப்பகுதி என்பதே எனது வாசிப்பு. அமெரிக்கர் ஒருவர் தனது நாட்டின் நலனைக் கருதிப் போரை எதிர்ப்பது புதிதன்று. கிங் அத்துடன் நிற்காமல் வியட்நாமியரின் வாசலில் போய் நிற்கிறார். 1945இல் ஹோ சி மின் விடுதலைப் பிரகடனம் செய்தபோது அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனத்தையே எடுத்தாண்டதையும், அமெரிக்கா அதை அங்கீகரிக்க மறுத்ததையும் சொல்கிறார். பிரான்ஸ் அந்நாட்டை மீண்டும் அடிமைகொள்ள நடத்திய போரின் செலவில் பெரும்பங்கை அமெரிக்கா சுமந்ததையும், 1954 ஜெனீவா உடன்படிக்கையின்பின் நடக்கவேண்டிய தேர்தல் நடைபெறாமற் போனதையும் அந்த விவசாயியின் கண்கொண்டு விவரிக்கிறார். விடுவிக்க வந்தோம் என்று சொல்பவர்களைப்பற்றி அந்த விவசாயி என்ன நினைப்பான் என்பதே அவர் கேட்கும் கேள்வி. குண்டுவீச்சை நிறுத்தல், ஒருதலைப்பட்சப் போர்நிறுத்தம், வெளிநாட்டுப் படைகளின் வெளியேற்றத்துக்குத் திகதி குறித்தல் உள்ளிட்ட ஐந்து யோசனைகள் இதன் பின்னரே வருகின்றன.

மன்னிக்கப்படாதது இந்தப் பகுதிதான் என நான் கருதுகிறேன். அவர் தனது நோக்கத்துக்கும் நாட்டுக்கும் மக்களுக்கும் பயன்படும் தன்மையைக் குறைத்துக்கொண்டார் என்று வொஷிங்டன் போஸ்ட் எழுதியது. நியூயோர்க் டைம்ஸ் தனது ஆசிரியத் தலையங்கத்தில் இதை கிங்கின் தவறு எனக் குறிப்பிட்டது. லைஃப் சஞ்சிகை உரையை ஹனோய் வானொலியுடன் ஒப்பிட்டது. மிகவும் வலித்திருக்கக்கூடியது சொந்த வீட்டிலிருந்து வந்த எதிர்ப்பு. கறுப்பின மக்களின் மிகப் பழைய உரிமை அமைப்புகளுள் ஒன்றான என்.ஏ.ஏ.சி.பி.யின் பணிப்பாளர் சபை, குடியுரிமை இயக்கத்தையும் சமாதான இயக்கத்தையும் இணைக்கக்கூடாதெனத் தீர்மானம் நிறைவேற்றியது. 24 நாட்கள் கழித்து, ஏப்ரல் 28ஆம் திகதி ஹூஸ்டனில், குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி இராணுவத்தில் சேர மறுத்தபோது அவர்மீது பொழியப்பட்ட வசையும் இதே வகையைச் சார்ந்தது. உனக்குரிய எல்லைக்குள் நின்று பேசு என்பதே இருவருக்கும் விடுக்கப்பட்ட எச்சரிக்கை. அலியின் தண்டனையை உயர் நீதிமன்றம் நீக்க 1971 வரை சென்றது.

உரையில் குறைகள் இல்லாமலில்லை. வியட்நாமிய விவசாயிக்கு நிலம் தந்த ஆட்சி எனக் கிங் போற்றும் அதே தரப்பு, 1953 முதல் 1956 வரை வடக்கில் நடத்திய நிலச்சீர்திருத்தத்தில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதில் தவறுகள் நேர்ந்ததாக 1956இல் ஹனோய் அரசே ஒப்புக்கொண்டது. உரையில் அதற்கு இடமில்லை. எதிர்த்தரப்பை அப்பழுக்கற்றதாகக் காட்டுவது தன் நோக்கமல்ல எனத் தொடக்கத்தில் அவர் சொல்லிக்கொண்டாலும், அந்தக் கவனம் பின்வரும் பக்கங்களில் போதியளவு தொடரவில்லை. எதிரியின் கண்ணால் பார்க்க முனையும் எழுத்துக்கு எப்போதும் உள்ள ஆபத்து இது. அடிபட்டவனின் வலியைச் சொல்ல முனைகையில் அவனுடைய தலைமையின் குற்றம் மறைந்துபோய்விடுகிறது.

உரை நிகழ்ந்து சரியாக ஓராண்டில், 1968 ஏப்ரல் 4ஆம் திகதி, மெம்பிஸ் நகரில் கிங் சுட்டுக்கொல்லப்பட்டார். அங்கு அவர் சென்றிருந்தது வேலைநிறுத்தம் செய்த கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்களுக்குத் துணைநிற்கவே. 1983இல் அவரது பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்கும் சட்டம் கையொப்பமானது. அவ்விடுமுறையில் ஒலிப்பது பெரும்பாலும் கனவு உரையே. கனவைக் கொண்டாடுவதால் எந்த அரசுக்கும் செலவில்லை. குண்டுவீச்சை நிறுத்து, திகதி குறி என்று கேட்ட குரலைக் கொண்டாடுவது அப்படியன்று.

உலகப் பேருரைகளை மாணவருக்கு அறிமுகப்படுத்தும் ஆசிரியர்கள் இரண்டு உரைகளையும் அருகருகே வைத்துப் படிக்கக் கொடுக்கலாம். முதலாவதைப் பாராட்டியவர்கள் இரண்டாவதை ஏன் ஏசினார்கள் என்று ஒரு மாணவனாவது கேட்பான். அந்தக் கேள்வியிலிருந்து அவனுடைய சொந்த வாசிப்பு ஆரம்பமாகிவிடும்.