மடத்துச் சுவரும் தடிச் சத்தமும்

எங்கள் ரெட்டிபாளையம் இருக்கிற இதே அரியலூர் மாவட்டத்தில், விக்கிரமங்கலத்தில் ஒரு புத்தர் சிலை இருக்கிறது. பௌத்தம் என்றதும் நாம் சிலை, சூன்யவாதம், அயோத்திதாசர் என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். கக்கூஸ் பற்றிப் பேசுவதில்லை. விநயபிடகம் பேசியிருக்கிறது.

சுல்லவக்கத்தில் ஒரு சிக்கல் வருகிறது. கழிப்பறைக்கு மூப்பு வரிசைப்படிதான் போக வேண்டும் என்றிருந்ததால் இளைய பிக்குகள் அடக்கிக்கொண்டு நின்று மயங்கி விழுகிறார்கள். வந்த வரிசையில் போங்கள் என்று விதி மாறுகிறது. பிராமணக் குலத்தில் பிறந்த ஒரு பிக்கு, 'இந்த நாத்தத்தை யார் தொடுறது' என்று கால்கழுவ மறுக்கிறார். தண்ணீர் இருந்தால் கழுவியே ஆக வேண்டும் என்று அடுத்த விதி பிறக்கிறது. கழிப்பறை அசுத்தமாய்க் கிடந்தால் போகிற பிக்குவே கழுவ வேண்டும். அழுக்கு இங்கே உடம்பில் ஒட்டுகிற ஒரு பொருள். பிறப்போடு அதற்குச் சம்பந்தமில்லை.

இந்த விதிகள் சீனாவுக்குப் போயின. 671இல் கடல்வழியாக இந்தியாவுக்குப் புறப்பட்ட யிசிங், ஸ்ரீவிஜயத்திலிருந்து ஊருக்கு அனுப்பிய நூலில் பல்குச்சி, குளியல், மண்ணும் நீரும் கொண்டு கழுவுதல் எல்லாவற்றையும் விவரித்து, சீனப் பிக்குகள் இதிலெல்லாம் சரியில்லை என்று கடிந்துகொள்கிறார். 1103இல் தொகுக்கப்பட்ட சான் மடங்களின் விதிநூலில் கழிப்பறைப் பொறுப்பு ஒரு தனிப் பதவி. புண்ணியம் என்று நினைத்துத் துறவி ஒருவரே விரும்பி ஏற்கிற வேலை அது.

இதை வைத்துப் பௌத்தத்தைப் புனிதப்படுத்திவிட முடியாது. பிக்கு மண்ணைத் தோண்டக்கூடாது என்றொரு விதியும் உண்டு. அப்படியானால் வேறு யாரோ தோண்டினார்கள். யிசிங்கின் அதே நூலில் இன்னொன்றும் இருக்கிறது: இந்தியாவில் மலம் அள்ளுகிறவர்கள் தடியைத் தட்டிக்கொண்டே தெருவில் போக வேண்டும், தெரியாமல் அவர்கள்மேல் பட்டுவிட்டால் குளித்து, துணியையும் துவைக்க வேண்டும். இதை அவர் கண்டிக்கவில்லை. சுத்தத்துக்கு உதாரணமாகச் சொல்கிறார்! மடத்துச் சுவருக்குள்ளே விநயம், வெளியே சாதி. தடிச் சத்தம் சுவரைத் தாண்டி உள்ளே கேட்டிருக்கும்தானே?

கையால் மலம் அள்ளுவதற்கு எதிராக 1993இலும் 2013இலும் சட்டம் வந்தது. மலக்குழிச் சாவுகள் நிற்கவில்லை. சட்டம் தடை செய்கிறது, சரி. 'நீயே கழுவு' என்ற அந்தப் பழைய விதியை மட்டும் நாம் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. தோழர்களே, நம் கருத்தரங்கு முடிந்து எல்லோரும் பஸ் பிடிக்கப் போன பிறகு, அந்த மண்டபத்துக் கக்கூஸை யார் கழுவுறாங்க?