நேர்கோடா, முழு வானமா?

சிறிய அறை முழுவதும், உயர்ந்த கட்டடம் முழுவதும், விண்மீன்கள் நிறைந்த வானம் முழுவதும் ஒரே படத்தில் அடங்க வேண்டும் என்ற ஆசை, காமிரா வைத்திருப்பவர் எவருக்கும் ஒரு நாள் எழவே செய்யும். இதற்கென இரு வகை வில்லைகள் உள்ளன. ஒன்று மீயகலக் கோண வில்லை. மற்றொன்று மீன்கண் வில்லை. எதை வாங்குவது என்று கேட்போருக்குப் பொதுவாகக் கிடைக்கும் விடை இதுதான்: “முன்னது உள்ளதை உள்ளபடி காட்டும்; பின்னது எல்லாவற்றையும் வளைத்துக் காட்டும். எனவே முன்னது பயன்படு கருவி, பின்னது விளையாட்டுப் பொருள்.” இவ்விடையில் பாதிதான் உண்மை. மறு பாதி எவ்வளவு தவறானது என்பதை இங்கு ஆராய்வோம்.

முதலில் சில அளவுகள். 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் கொண்ட படச்சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 50 மி.மீ. குவியத் தூரமுள்ள சாதாரண வில்லை, மூலைக்கு மூலை சுமார் 47 பாகைக் காட்சியைப் பதிவு செய்கிறது. 24 மி.மீ. வில்லை 84 பாகையையும், 14 மி.மீ. வில்லை 114 பாகையையும் பதிவு செய்கின்றன. மீன்கண் வில்லையோ 180 பாகையை எட்டுகிறது. நிக்கான் நிறுவனம் 1970ஆம் ஆண்டில் காட்சிக்கு வைத்த 6 மி.மீ. வில்லை 220 பாகை வரை சென்றது. அதாவது தனக்குச் சற்றுப் பின்னால் இருப்பதையும் அது கண்டது! அதன் எடை 5 கிலோகிராமுக்கும் அதிகம்.

காட்சி நம்மைச் சுற்றி ஒரு கோளம் போல் அமைந்துள்ளது. படமோ தட்டையானது. கோளத்தின் மேற்பரப்பைச் சிறிதும் மாற்றாமல் சமதளத்தில் விரிக்க இயலாது. உலக உருண்டையைத் தாளில் வரைவோர் எதிர்கொள்ளும் இடரும் இதுவே. மெர்க்காட்டர் 1569இல் வெளியிட்ட நிலப்பட முறையில் திசைகள் சரியாக இருக்கும். ஆனால் கிரீன்லாந்து பூதாகாரமாகப் பெருத்துவிடும். ஒன்றைக் காக்க வேண்டுமெனில் மற்றொன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். வில்லையும் அவ்வாறே.

மீயகலக் கோண வில்லை நேர்கோடுகளை நேர்கோடுகளாகவே காக்கிறது. அதற்காக, ஒரு பொருள் படத்தின் மையத்திலிருந்து விழும் தூரத்தை, அப்பொருளின் கோணத்தினுடைய டேன்ஜென்ட் மதிப்புக்கு ஏற்ப அமைக்கிறது. 45 பாகைக்கு அம்மதிப்பு 1. 60 பாகைக்கு 1.73, 80 பாகைக்கு 5.67, 90 பாகைக்கு முடிவிலி. ஆகவே, எத்தனை திறமையான தொழிற்சாலையாயினும் நேர்கோட்டைக் காக்கும் 180 பாகை வில்லையைச் செய்ய முடியாது. குறை தொழிலில் இல்லை, கணிதத்திலேயே உள்ளது. மீன்கண் வில்லை இந்த விதியைக் கைவிடுகிறது. அவ்வகையில் எளிமையான ஒன்றில், மையத்திலிருந்து தூரம் கோணத்துக்கே நேர்விகிதமாக அமையும். எனவே அரைக்கோளம் முழுவதும் ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் மையத்தின் வழியே செல்லாத கோடுகள் வளைகின்றன.

இனி, “உள்ளபடி காட்டும்” என்ற கூற்றைச் சோதிப்போம். 14 மி.மீ. மீயகல வில்லையின் மூலையில் ஒரு பந்து இருப்பதாகக் கொள்ளுங்கள். அது வட்டமாகத் தெரியாது. அகலத்தைப் போல் 1.84 மடங்கு நீளமுள்ள முட்டையாகத் தெரியும். அதே கோணத்தில் மேற்கூறிய மீன்கண் வில்லை தரும் நீட்சி 1.19 மடங்குதான். பந்தைக் கேட்டால் மீன்கண்ணே உண்மை பேசுகிறது என்று சொல்லும். சுவரைக் கேட்டால் மீயகல வில்லையே உண்மை பேசுகிறது என்று சொல்லும். குழுப்படத்தின் ஓரத்தில் நின்றவர் தலை நீண்டு, உடல் பருத்துத் தோன்றுவதன் காரணமும் இதுவே. அவருடைய மனக்குறை நியாயமானது!

ஓவியர்கள் இதைக் கேமரா பிறக்கும் முன்பே அறிந்திருந்தனர். 1509க்கும் 1511க்கும் இடையில் ரஃபேல் வத்திக்கான் மாளிகையில் தீட்டிய ‘ஏதென்சுப் பள்ளி’ என்ற சுவரோவியத்தில், வலப்புற ஓரத்தில் இருவர் உருண்டைகளை ஏந்தி நிற்கின்றனர். கட்டடம் முழுவதும் கண்டிப்பான நேர்கோட்டு முறையில் வரையப்பட்டுள்ளது. அம்முறைப்படி ஓரத்து உருண்டைகள் முட்டை வடிவில் இருந்திருக்க வேண்டும். ரஃபேலோ அவற்றை வட்டங்களாகவே வரைந்தார். கட்டடத்துக்கு ஒரு விதி, உருண்டைக்கு வேறொரு விதி. காண்போர் கண்ணுக்கு இரண்டும் இயல்பாகவே படுகின்றன. தூரிகைக்கு இருந்த இச்சுதந்தரம் வில்லைக்கு இல்லை. வில்லை ஒரே விதியைப் படம் முழுவதற்கும் விதிக்கிறது. அவ்விதியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வாங்குபவருடையது.

அப்படியானால் முட்டையான பந்து பிழையா? கண்டிப்பாகச் சொன்னால் பிழையன்று. 14 மி.மீ. வில்லையால் எடுத்த படத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, 14 செ.மீ. தூரத்திலிருந்து ஒரு கண்ணால் மையத்துக்கு நேராகப் பார்த்தால், ஓரத்துப் பந்து மீண்டும் வட்டமாகத் தோன்றும். ஆனால் எவர் அவ்வளவு நெருங்கிப் பார்க்கிறார்? கை நீட்டிய தூரத்தில்தான் பார்க்கிறோம். அப்போது அறை நீண்டு விரிந்தது போன்ற மயக்கம் உண்டாகிறது. வீடு விற்பனை விளம்பரங்களில் சிற்றறைகள் கூடங்களாகக் காட்சி தருவது இதனால்தான். ஒரு கோடும் வளையாததால் பார்ப்பவருக்கு ஐயமே எழுவதில்லை. மீன்கண் படம் தன் வளைவை மறைப்பதில்லை. மீயகலப் படம் மறைத்துவிடுகிறது. ஏமாறுவதற்கு வாய்ப்பு எதில் அதிகம் என்பதை வாசகர்களே முடிவு செய்யலாம்.

மீன்கண் விளையாட்டுப் பொருள் என்ற கூற்றையும் வரலாறு ஏற்கவில்லை. நீருக்குள்ளிருந்து மேலே நோக்கும் மீனுக்கு, வானத்தின் 180 பாகையும் ஒளிவிலகலால் சுமார் 97 பாகைக் கூம்புக்குள் சுருங்கித் தெரியும். அமெரிக்க இயற்பியலறிஞர் ஆர். டபிள்யூ. உட், நீர் நிரப்பிய கலத்தினுள் ஒளித்தட்டை வைத்து இக்காட்சியைப் படமெடுத்து 1906இல் வெளியிட்டார். ‘மீன்கண்’ என்ற பெயர் அதிலிருந்தே வந்தது. கண்ணாடியாலான முழுவான வில்லையை 1920களில் வடிவமைத்தவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ராபின் ஹில். ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் ‘ஹில் வினை’ என்று மாணவர்கள் படிக்கிறார்களே, அதே ஹில்தான்! மேகங்கள் வானத்தில் பரவியிருக்கும் நிலையை ஒரே படத்தில் அறிவதே அவர் நோக்கம். பிற்காலத்தில், காட்டின் தரையிலிருந்து மேல்நோக்கி மீன்கண் படமெடுத்து, இலைகளின் இடைவெளி வழியே எவ்வளவு ஒளி இறங்குகிறது எனக் கணக்கிடும் முறையும் வளர்ந்தது. இங்கு வளைவு குறையன்று. படத்தில் உள்ள தூரத்தை அளந்தால் வானத்தில் உள்ள கோணம் கிடைத்துவிடுகிறது.

கலையிலும் இவ்வேறுபாடு தெளிவாக விளங்குகிறது. ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ 1968இல் வெளியானது. ஹால் என்ற கணிப்பொறி பார்க்கும் காட்சிகள் அதில் மீன்கண் வில்லையால் எடுக்கப்பட்டன. படத்தின் மற்றப் பகுதிகளில் கோடுகள் ஒழுங்காக நிற்க, இங்கு மட்டும் சுவர்கள் வளைகின்றன. இப்போது பார்ப்பது மனிதன் அல்லன் என்பது சொல்லாமலே புரிகிறது. வளைவுக்கு ஓர் உரிமையாளர் இருக்கிறார். 2018இல் வெளிவந்த ‘தி ஃபேவரிட்’ என்ற படத்தில் இயக்குநர் யோர்கோஸ் லாந்திமோஸ் இரு வகைகளையும் கையாண்டார். ஆன் அரசியின் அரண்மனை அறைகள் மீயகல வில்லையில் விரிந்து, மனிதர்கள் அவற்றில் சிறுத்துப் போவது கதைக்குப் பொருந்துகிறது. ஆனால் மீன்கண் காட்சிகள் எவருடைய பார்வை என்பது விளங்கவில்லை. முதன்முறை வியப்பூட்டுகின்றன, திரும்பத் திரும்ப வரும்போது வில்லைதான் நினைவுக்கு வருகிறது, கதையன்று. காரணம் உள்ள வளைவு பொருளாகிறது. காரணமற்ற வளைவு வித்தையாகிறது.

மற்றொரு பழியையும் நீக்க வேண்டும். அகல வில்லை மூக்கைப் பெரிதாக்குகிறது என்பார்கள். முகம் படத்தின் நடுவில் இருக்கும்போது, மூக்கைப் பெரிதாக்குவது வில்லையன்று, நெருக்கம். மூக்கு நுனி காமிராவிலிருந்து 25 செ.மீ. தூரத்தில் இருந்தால், 12 செ.மீ. பின்னால் உள்ள காது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தொலைவில் இருக்கிறது. இரண்டரை மீட்டர் விலகி நின்றால் அவ்வேறுபாடு 5 விழுக்காடே. எந்த வில்லைக்கும் இக்கணக்கு பொருந்தும்.

அப்படியானால் எதை வாங்கலாம்? கட்டடம், அறை, தெரு ஆகிய கோடுகள் நிறைந்த பொருள்களுக்கு மீயகல வில்லையே ஏற்றது. மனிதர்களை மட்டும் ஓரங்களில் நிறுத்தாதீர்கள். வானம், மேகம், மரக்கூரை, கோணத்தை அளக்க வேண்டிய ஆய்வு ஆகியவற்றுக்கு மீன்கண். அதிலும் இரு வகை உண்டு: வட்டப் படம் தருவது, சட்டம் முழுவதும் நிரப்பி, மூலைக்கு மூலை மட்டும் 180 பாகை தருவது. உங்கள் காமிராவின் உணரி சிறியதாயின் கோணம் குறையும் என்பதையும் மறவாதீர்கள். “மீன்கண்ணை வாங்கிக் கணிப்பொறியில் நிமிர்த்திக்கொள்ளலாம்” என்ற யோசனையும் முழுத் தீர்வாகாது. 57 பாகையில் படம் 3.4 மடங்கு இழுபடும்; ஓரங்களின் நுட்பம் மங்கிவிடும்.

ஆகவே கடைக்குச் செல்லுமுன், “எந்த வில்லை உண்மை காட்டும்?” என்று கேட்பதை விடுத்து, “எனக்கு எந்த உண்மை தேவை? எதை இழக்க நான் தயார்?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறர் எடுத்த படத்தைக் காணும்போதும் இதே கேள்வியைக் கேட்கப் பழகினால், வில்லை வாங்காதவர்க்கும் இதனால் பயன் உண்டு.