வேலைக்குப் போகாத ஊர்

பாக்கெட் நாவலுக்கு இப்போது மரியாதை வந்துவிட்டது. 2008-இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ்ச் சல்லிசுக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்துப் போட்டதிலிருந்து, பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் மாட்டித் தொங்கிய அட்டைகளெல்லாம் சுவரில் மாட்டும் கலைப்பொருளாகிவிட்டன. இங்கிலாந்தில் 2020-இல் வெளிவந்த ‘தர்ஸ்டே மர்டர் கிளப்’ நாவல் சக்கைப்போடு போட்ட பிறகு, நம்மிடமும் அதே சரக்கு உண்டு என்று மார்தட்டுகிறார்கள். சின்ன ஊர், ஒரு பிணம், நாலு சிரிப்பு, ஓரமாய் ஒரு காதல். அலுத்துச் சலித்து வருகிறவனுக்கு அது இளைப்பாறல், அதில் போய்ச் சமூகத்தைத் தேடாதீர்கள் என்பது இதன் காவலர்கள் வைக்கும் வாதம்.

இளைப்பாறலை யார் வேண்டாம் என்றார்கள்? ராஜேஷ்குமாரையும் சுபாவையும் படித்துத்தான் ஒரு தலைமுறைக்குப் புத்தகம் கையில் தங்கியது. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா பேச்சில் இருந்த துள்ளல் அன்றைய ‘தரமான’ காதல் கதைகள் பலவற்றுக்கு வாய்க்கவில்லை. சுஜாதாவின் துப்பறியும் ஜோடியில் கணேஷைவிட வசந்தைத்தான் இன்றும் ஆசையாக நினைவுகூர்கிறோம். வேகம் உண்டு, கிண்டல் உண்டு, முடிச்சும் பல சமயம் நன்றாகவே விழுந்திருக்கிறது. ஒப்புக்கொண்டாயிற்று.

என் புகார் பழையது. இந்தக் கதைகளில் வரும் ஊர்களில் யாரும் வேலைக்குப் போவதில்லை. டீக்கடை பெஞ்சில் எந்நேரமும் நாலு பேர் இருப்பார்கள். துப்பறிகிறவர் எப்போது கதவைத் தட்டினாலும் வீட்டுக்காரர் வந்து திறப்பார். காதலி பட்டப்பகலில் கோயில் குளத்தருகே வந்து நிற்பாள், அவளை யாரும் தேடமாட்டார்கள். ஊருக்கு ஏதாவது தொழில் இருந்தால் முதல் அத்தியாயத்தில் பஸ் ஜன்னல் வழியே கண்ணில் படும், அதோடு சரி.

இந்த வகையில் நம்மிடம் உள்ளவற்றில் சிறந்ததையே எடுத்துக்கொள்வோம், ‘கரையெல்லாம் செண்பகப்பூ’. 1981-இல் ஜி.என். ரங்கராஜன் படமாகவும் எடுத்தார். நாட்டுப்பாடல் சேகரிக்கப் பட்டணத்திலிருந்து வரும் கல்யாணராமன், கிராமத்துப் பெண் வெள்ளி, ஜமீன் மாளிகை என்று சுஜாதா அளவு பார்த்துக் கலந்திருக்கிறார். பலமுறை ரசித்த நாவல்தான். ஆனாலும் நாட்டுப்பாடலில் பலவும் வேலை செய்கிறவர்கள் பாடியவை. நடவுக்கு ஒன்று, ஏற்றத்துக்கு ஒன்று. கதாநாயகன் பாட்டைக் குறித்துக்கொண்டு போய்விடுகிறான். சேற்றில் இறங்கியவர்கள் எப்போது கரையேறினார்கள் என்பது அந்தக் கொலைப் புதிரில் எங்கும் கணக்குக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. எழுதியவர் சுஜாதா என்பதால்தான் இது உறுத்துகிறது. இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று சொல்வதில் அவருக்கு இணையாக ஆள் கிடையாது. ஊர் எப்படி ஓடுகிறது என்று மட்டும் கேட்காமல் விட்டுவிட்டார்.

இதே கதையைச் சிவகாசியை ஒட்டியிருக்கும் விஸ்வநத்தத்தில் வைத்துப் பாருங்கள். விடிந்தும் விடியாமலும் பட்டாசு ஆலை வேன்கள் ஊர் ஊராய் ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். மழை பிடித்தால் காயப்போட முடியாது, அன்றைய கூலி போச்சு. அச்சகக்காரர்களுக்கு ஆடிப்பெருக்கு தனிக் கணக்கு. அன்றைக்குத்தான் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அப்போது பிடிக்கிற வேலை, தினசரித் தாளை அடுக்கி டின் அடித்து அட்டையில் ஏற்றி அனுப்புகிற வரைக்கும் ஓயாது. தீபாவளி முடிந்தால் ஆலைகள் சில வாரம் அடங்கிக் கிடக்கும். இந்த ஊரில் ஒருவர் செத்துக் கிடந்தால், ‘ராத்திரி எங்க இருந்தே’ என்று கேட்டு என்ன ஆகப்போகிறது? ‘எந்த வேன்ல ஏறுனே, எந்த ரூம்ல உக்காந்தே’ என்பதல்லவா கேள்வி?

அதற்குக் கிடைக்கும் பதிலில்தான் கதைக்காரனுக்கு விருந்து. ஓர் அறைக்கு இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று விதி இருக்கிறது. அறையில் இடம் போதாமல் மரத்தடியில் உட்கார்த்தி வேலை வாங்கியதாக அடிக்கடி வழக்குப் பதிவாகிறது. அப்படியானால் ஒவ்வொரு சாட்சியும் பொய் சொல்வார். கொலையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. மரத்தடியில் உட்கார்ந்ததைத்தான் மறைக்கிறார். போர்மேன் ஒரு பொய், கணக்குப்பிள்ளை அதற்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய், வேன் டிரைவர் இரண்டுக்கும் ஒத்துவராத மூன்றாவது பொய். சிரிப்புக்கு வேறெங்கே போகவேண்டும்? காதலுக்கும் வழி இருக்கிறது. அலுமினியப் பொடி புழங்குகிறவர் கை வெள்ளியாய் மின்னும். சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கொஞ்சம் தங்கும். பேன்சி வெடி அறைப் பக்கமே போகாத அச்சகத்துப் பையனின் சட்டைத் தோளில் அந்த மினுக்கம் இருந்தால், துப்பறிகிறவருக்கு முன்னால் அவனுடைய அம்மா கண்டுபிடித்துவிடுவாள். கொலைக்குத் தடயமா காதலுக்குத் தடயமா என்று பத்து அத்தியாயம் ஓட்டலாம்.

இதெல்லாம் இலகுக் கதைக்குச் சுமை என்பார்கள். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் 1930-இலேயே கிராமத்துக் கிழவியாக நாவலுக்குள் வந்துவிட்டாள். வேலைக்காரப் பெண்ணுக்கு என்றைக்கு விடுமுறை, தோட்டக்காரன் எத்தனை மணிக்கு வந்தான் என்பது அந்தக் கதைகளில் அலங்காரமாக வருவதில்லை. 1950-இல் வந்த ‘எ மர்டர் இஸ் அனௌன்ஸ்ட்’ நாவலில் போருக்குப் பிந்தைய பங்கீட்டு அட்டைக் காலமும், அக்கம்பக்கத்தார் உண்மையில் யாரென்று தெரியாத நிலையும் முடிச்சிலேயே இருக்கின்றன. யாருக்கும் சுமையாகத் தெரியவில்லை. நம் தேவனையே பார்க்கலாம். அவருடைய துப்பறியும் சாம்பு முதலில் ஒரு வங்கி குமாஸ்தா. மேலதிகாரியிடம் பயந்து சாகும் அசட்டு குமாஸ்தா என்பதால்தான் அவன் குருட்டாம்போக்கில் திருடனைப் பிடிக்கும்போது சிரிக்கிறோம். அந்த நாற்காலியை எடுத்துவிட்டால் மூக்கு மட்டும்தான் மிஞ்சும். பின்னால் வந்தவர்கள் சாம்புவின் அதிர்ஷ்டத்தை எடுத்துக்கொண்டு ஆபீஸை விட்டுவிட்டார்கள்.

2022-இல் வந்த ‘சுழல்’ தொடர் சிரிப்புக் கதை இல்லை என்றாலும் இங்கே சொல்லவேண்டும். சிமெண்ட் ஆலை வேலைநிறுத்தத்திலும் தீயிலும் கதை தொடங்குகிறது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கேமரா மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குப் போய்விட்டது, அங்கேதான் அதற்கு மனசும் இருந்தது. இவர்கள் சிவகாசிக்கு வந்தாலும் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்குத்தான் வருவார்கள்.

இன்னொரு வேடிக்கை. முத்து காமிக்ஸ் சிவகாசியிலிருந்துதான் 1972 முதல் வருகிறது. லாரன்ஸ்–டேவிட், ஜானி நீரோ, ரிப் கிர்பி என்று தமிழ்ப் பிள்ளைகளுக்குத் துப்பறிகிறவர்களைச் சப்ளை செய்ததே இந்த ஊர்தான். அவர்களில் ஒருவரும் திருத்தங்கல் ரோட்டில் வந்து இறங்கவில்லை. பிற மொழிக் கதை என்பதால் அவர்கள்மேல் குற்றமில்லை. நம் ஆட்களுக்கு என்ன வந்தது?

வேலையை ஒதுக்குவதற்குச் சோம்பல் மட்டுமா காரணம்? எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. கொலைக்கதைக்கு ஓர் ஒப்பந்தம் உண்டு. ஒரு சாவுக்கு ஒரு ஆள் பொறுப்பு. கடைசிப் பக்கத்தில் அவன் பேர் தெரியவரும், ஊர் மூச்சுவிடும். பட்டாசு வட்டாரத்துச் சாவு இந்தச் சட்டத்துக்குள் உட்காராது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி ஆலை வெடித்ததில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், காப்பாற்ற ஓடியவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். ஒவ்வொரு தடவையும் பத்திரிகையில் காரணம் ‘உராய்வு’. பெரும்பாலும் போர்மேன் கைது, உரிமையாளரைத் தேடுகிறார்கள். உரிமம் ஒருவர் பேரில், அறைகளை உள்குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் இன்னொருவர் என்பது பலமுறை பின்னால்தான் வெளிவருகிறது. மறைந்திருக்கும் ஆள், பொய்ப் பேர், கைமாறிய பணம் என்று துப்பறியும் கதைக்குத் தேவையானதெல்லாம் இங்கே கொட்டிக் கிடக்கிறது. பாலில் விஷம் கலக்கும் சின்னம்மாவை எத்தனை வருஷத்துக்குத்தான் பிடித்துக்கொண்டிருப்பது? சொத்துக்காகச் செய்த கொலையில் வாசகனுக்கு ஒரு பங்கும் இல்லை, நிம்மதியாகத் தூங்கப் போகலாம். உள்குத்தகைச் சாவில் தீபாவளிக்கு நாம் வாங்கிய கிஃப்ட் பாக்ஸும் சாட்சிப் பட்டியலில் வந்துவிடும். காவலர்கள் இளைப்பாறல் என்று பேர் வைத்திருப்பது இந்த நிம்மதிக்குத்தான் என்று சொன்னால் கோபிக்கிறார்கள்.

சாவை வைத்துச் சிரிக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள், அதுவரை பிணத்தை வைத்துச் சிரித்தவர்கள். கி. ராஜநாராயணனின் கரிசல்காட்டு மனிதர்கள் பஞ்சத்திலும் நக்கல் பேசுவதை நிறுத்தியதில்லை. விஸ்வநத்தம் டீக்கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், இன்ஸ்பெக்‌ஷன் ஜீப் வருகிற சேதி ஜீப்புக்கு முன்னால் எப்படி வந்து சேர்கிறது என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். அந்தச் சேதியைச் சொன்னது யார் என்பதிலிருந்து ஒரு நாவல் தொடங்கலாம். ஜமீன் பங்களா தேவைப்படாது.